ரூம் போட்டாச்சு, ஓட்டல்தான் இல்லை

சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தோம். வங்கி வேலை, ஆதார் திருத்தம், அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சொன்ன நாளில் முடிந்தன. ரயில் காபிகூடச் சூடாக இருந்தது. அந்தத் தெம்பில் கடலோர ஊர் ஒன்றில் அரசு ஓட்டலில் இரண்டு இரவுக்கு ரூம் போட்டு, முழுப் பணமும் ஆன்லைனில் கட்டினேன்.

போய் இறங்கினால் கேட்டில் சங்கிலி. எதிரே வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டு ஓட்டல் ஊழியர்கள் முப்பது பேர் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் என் போனில் ரசீதைப் பார்த்துவிட்டு, "நாலு நாளா மூடிக் கெடக்கு சார், மெசேஜ் வரலையா?" என்றார். வந்தது. காலையில்தான், 'உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்' என்று.

ஷாமியானாவிலிருந்து ரூம்பாய் ஒருவர் எழுந்து வந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், வேலைதான் இன்னும் பாய். நான் எதுவும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து அடையாள அட்டைகளை எடுத்துக் காட்டினார். ஐந்திலும் அவர் படம், ஐந்தும் வெவ்வேறு கான்ட்ராக்டர் பெயரில். முதல் அட்டையில் தலைமுடி கறுப்பு. தொடர்ந்து 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் 1981லேயே வந்துவிட்டது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் இவர் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமாம்.

"நட்டம்னு சொல்லி மூடுவாங்க, அப்புறம் வித்துருவாங்க" என்றார். வீண் பயம் என்று தள்ள முடியவில்லை. மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐடிடிசி வைத்திருந்த மாமல்லபுரம் டெம்பிள் பே, மதுரை அசோக் ஓட்டல்கள் இரண்டும் 2002 வாக்கில் தனியாருக்குப் போனவைதானே.

அதற்காக நான் முழுக்க அவர்கள் பக்கம் என்றும் இல்லை. முன்பு இதே ஓட்டலில் ஒரு தோசை வர ஐம்பது நிமிடம் ஆனது. அடுப்படியில் ஆள் இருந்தார், டிவியில் கிரிக்கெட்டும் இருந்தது.

சரி, இரவு எங்கே தங்குவது? அந்த ரூம்பாயே போன் போட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் நீட்டினேன். "இன்னிக்கு டூட்டி இல்லீங்களே" என்று வாங்க மறுத்துவிட்டார்.

ரூம் பணம் இன்னும் வரவில்லை. இரண்டு மெயில் போட்டதில் ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது: விடுதி திறந்ததும் பரிசீலிப்பார்களாம்.