சங்கடப்படலைக்கு எண்டு நாலரை லட்சம் குடுத்தனாங்கள். காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

பழைய பனைமரத்தில சங்கடப்படலை செய்து பூட்டித் தாறம் எண்டு இணையத்தில வாற விளம்பரத்தைப் பார்த்து ஆராவது முற்பணம் குடுக்க யோசிச்சுக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கோ. எங்களுக்குப் போனது 4 லட்சத்து 50 ஆயிரம் ரூபா. போன கிழமை பெய்த மழையோட படலை கூரையும் ஓடுமாச் சரிஞ்சு விழுந்துபோச்சு. அம்மா பின்னேரத்தில அந்தத் திண்ணையிலதான் இருக்கிறவ. அண்டைக்குச் சாமி அறைக்குள்ள நிண்டபடியால் தப்பினா. இதை எழுதேக்கையும் எனக்குக் கை நடுங்குது.

தெரியாத பிள்ளையளுக்காகச் சொல்லுறன். சங்கடப்படலை எண்டுறது வளவு வாசல் படலைக்கு மேல சின்னக் கூரை போட்டு, ரெண்டு பக்கமும் திண்ணை கட்டி வைக்கிறது. தெருவால போற சனம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, பானையில வைச்ச தண்ணியைக் குடிச்சிட்டுப் போகலாம். யாழ்ப்பாணத்தில முந்தி எத்தினை வளவில இருந்தது. எங்கட வளவிலயும் அப்பப்பா கட்டினது ஒண்டு இருந்தது. 1995 ஒக்ரோபர் 30, சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி முழுக்க இரவோட இரவா வெளிக்கிட்டதோட நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். திரும்பி வரேக்க வீடு அரைவாசி நிண்டது, படலை இருந்த இடத்தில கிடங்கு மட்டும்தான். பிறகு தகரப் படலைதான். அம்மாவுக்கு இப்ப எண்பது தாண்டிட்டுது. அந்தப் படலையை ஒருக்காக் கட்டிப் பாக்கவேணும் எண்டு தம்பியிட்டைக் கேட்டா. அவன் கனடாவில ரெண்டு இடத்தில வேலை செய்து சேர்த்த காசு இது. நாலரை லட்சம் எண்டால் எங்களுக்குச் சும்மா காசு இல்லை.

காணி, வாகனம், தளபாடம் எல்லாம் விக்கிற ஒரு விளம்பரத் தளத்திலதான் ஆளைக் கண்டனாங்கள். பேர் எழுதேல்லை. சட்டத்தரணியா இருக்கிற மச்சாள் இப்போதைக்குப் பேர் போடவேண்டாம் எண்டிட்டா. விளம்பரத்தில இருந்தது இதுதான்: பழைய வீடு இடிச்ச பனைமரம், முதிரைப் படலை, பழைய ஓடு, எல்லாம் நாங்களே கொண்டுவந்து பூட்டித் தருவம். படங்களும் வடிவா இருந்தது.

ஆள் வந்தது ஒரு சனிக்கிழமை காலமை. ரீச்சர், ரீச்சர் எண்டு மரியாதையாத்தான் கதைச்சவர். விலையைப் பற்றி முதல் கதைக்கேல்லை. அம்மாவைப் பார்த்து, "அம்மா, முந்திப் பானை எந்தப் பக்கம் வைச்சனீங்கள்?" எண்டு கேட்டார். அம்மா கதிரையால எழும்பி, பொல்லையும் எடுக்காமல் வாசல் மட்டும் நடந்து போய், இந்தப் பக்கம், கிழக்கால, எண்டு காட்டினா. அவர் அந்த இடத்தில தடியால ஒரு வட்டம் கீறினார். "அப்ப இதிலயே வைப்பம் அம்மா" எண்டார். வேற ஆரும் அம்மாவிட்டை அப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த வட்டத்தைக் கீறினதோடயே எங்கட காசு அவற்ற கைக்குப் போன மாதிரித்தான்.

பேந்து பையுக்குள்ள இருந்து ஒரு பனைத்துண்டு எடுத்தார். கறுத்த நார் நெருக்கி ஓடின, உண்மையான முத்தல் மரம். கத்தியால கீறச் சொன்னார். கீறினன், கோடு விழேல்லை. பனை மற்ற மரம் மாதிரி இல்லை ரீச்சர், இதுக்கு வெளிப்பக்கம்தான் வைரம், கெட்டி மரம், நடுவில மெத்தெண்ட சோத்தி, இளம் மரத்தில வைரம் மெல்லிசா ஒரு கோது மாதிரித்தான் இருக்கும், முத்தின மரத்தின்ர அடிப்பக்கத்தை எடுத்துச் சோத்தியைச் செதுக்கிப்போட்டுத்தான் தூணா நிக்கிற கப்பும் கூரையைத் தாங்கிற கைமரமும் எடுக்கவேணும், நுனிப்பக்கம் சரிவராது எண்டெல்லாம் விளக்கமாச் சொன்னவர். எல்லாம் உண்மை. பிறகு வந்து பார்த்த தச்சு வேலைக்காரரும் இதையேதான் சொன்னார். எனக்கு இதைச் சொல்லித் தந்த அதே ஆள்தான் இளம் பனையைச் சோத்தியோட கொண்டுவந்து நட்டது. தெரியாமல் செய்த பிழை எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லாதேங்கோ.

கப்பும் வளையும் கைமரமும் சிலாகையும் பழைய பனையில, ரெண்டு கதவும் முதிரையில, கப்பின்ர அடி கல்லுக்கு மேல, எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 50 ஆயிரம் எண்டு பேச்சு. 3 லட்சம் முற்பணம், மரம் எடுத்து வைச்சிட்டன், வேற ஆக்களும் கேக்கினம் எண்டு அவசரப்படுத்தி வாங்கினது. மிச்சம் ஒண்டரை லட்சத்தை லொறி வெளிக்கிட முதல் போடச்சொல்லி வாங்கினது. வங்கிக் கணக்கு வேற ஒரு பெண்பிள்ளையின்ர பேரில. மனுசியின்ர கணக்கு எண்டார். தந்த துண்டில "படலை வேலை" எண்டு மட்டும் எழுதி, தொகையைப் போட்டு ஒரு கையெழுத்து. என்ன மரம் எண்டு ஒரு சொல் இல்லை. கேட்டதுக்கு, "எங்களுக்குள்ள என்ன ரீச்சர் எழுத்து" எண்டவர்.

ஆவணியில ஒரு நாள் பொழுதுபடத்தான் லொறி வந்தது. மரம் எல்லாம் ஏற்கெனவே கறுப்பாப் பூசியிருந்தது, மணந்தது. வாகனத்துக்கு மாத்தின கழிவு ஒயில். கேட்டால், கறையானுக்கு நல்லது எண்டார். இருட்டுக்குள்ள டோர்ச் வெளிச்சத்தில நட்டு முடிச்சுப்போட்டுப் போட்டினம். ஒரு கதவை ஒரு சின்னப் பொடியன் தனியாத் தோளில வைச்சுக்கொண்டு வந்தவன். முதிரை எண்டால் அந்த அளவுக் கதவைத் தூக்க ரெண்டு பெரிய ஆம்பிளையள் வேணும். அடுத்த நாள் காலமை ஆள் திரும்ப வந்து, அம்மாவைப் பானைக்குப் பக்கத்தில நிப்பாட்டி ஒரு போட்டோ எடுத்தவர். ஞாபகத்துக்கு எண்டார். அம்மா அதுக்கெண்டு புதுச் சீலை உடுத்தவ.

ஐப்பசி மழையோட கதவு ரெண்டும் இழுத்துக்கொண்டு நிலத்தில முட்டத் தொடங்கிச்சு. பேந்து கதவின்ர அடியில மாப் போல உளுத்துக் கொட்டிச்சு. கறுப்புப் பூச்சு கழுவுப்பட்ட இடத்தில வெள்ளை மரம் தெரிஞ்சுது. அயலில இருக்கிற வயசான தச்சு வேலைக்காரரைக் கூட்டிவந்து காட்டினன். அவர் திருப்புளியைக் கப்பில வைச்சு அமத்த, அது பிடி மட்டும் உள்ள போச்சு. வெளியில எடுக்க ஈரச் சோத்தி ஒட்டிக்கொண்டு வந்தது. கதவு அல்பீசியாவாம். கொங்கிறீற் கொட்டேக்க அடைப்புக்கு அடிக்கிற மலிவுப் பலகை, அதுக்கு மஞ்சள் சாயம் பூசி முதிரை ஆக்கியிருக்கு. கதவில சாய்வாப் போற சட்டம் கீழ்ப் பிணைச்சலடியில ஊண்டி மேல் வெளி மூலைக்குப் போகவேணுமாம், அப்பதான் கதவின்ர பாரத்தைத் தாங்கும். இதில மாறி அடிச்சிருக்கு. துளை வெட்டி இறக்கின மூட்டு ஒண்டு இல்லை, எல்லாம் வெறும் ஆணி. கப்புக்குக் கீழ கல்லும் இல்லை, தாரும் இல்லை, நேராச் செம்மண்ணுக்குள்ள. இது அண்மையில தறிச்ச இளம் பனை பிள்ளை, பழைய வீட்டு மரம் இல்லை, எண்டார் அந்த ஐயா. அனுமதி இல்லாமல் தறிச்சதாத்தான் இருக்கும் எண்டும் சொன்னார்.

அண்டையில இருந்து தொடங்கின அலைச்சல் இன்னும் முடியேல்லை. முதல் எடுக்கேக்க, "நாளைக்கு ஆள் அனுப்புறன் ரீச்சர்." ஆள் வரேல்லை. திரும்ப எடுத்தால், "மாரிக்கு மரம் வேலை செய்யும் ரீச்சர், வெயில் வரத் தன்ர பாட்டில சரியாகும்." சோத்தி வெயிலுக்கு வைரமாகுமோ? படம் எடுத்து அனுப்பினன். பொடியள் செய்த வேலை, தான் பார்க்கேல்லை எண்டார். அப்ப மாத்தித் தாங்கோ எண்டால், மாத்தலாம், கூலியும் லொறிச் செலவும் 80 ஆயிரம் வரும் எண்டார். நாலரை லட்சம் வாங்கினவர், அதுக்கு மேல 80 ஆயிரம்! பேந்து வட்ஸ்அப்பில நீலக் கோடு விழும், மறுமொழி வராது. தம்பி கனடாவில இருந்து எடுத்தால் ஒரு பெண்பிள்ளை எடுத்து, அவர் கொழும்புக்குப் போட்டார் எண்டிட்டு வைச்சிட்டா.

விளம்பரத் தளத்துக்கும் எழுதினன். நாங்கள் விளம்பரத்துக்கு இடம் குடுக்கிறது மட்டும்தான், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை எண்டு ஒரே வசனம் ஒவ்வொரு முறையும் வருது. வாசிச்சு அனுப்புற மறுமொழி மாதிரித் தெரியேல்லை. பொலிசில, இது சிவில் விசயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கோ எண்டினம்.

எனக்கு ஆகலும் வயிறு எரியிறது எதுக்கெண்டால், அந்த "நாளைக்கு நாளைக்கு" சும்மா சொன்னதில்லை எண்டு இப்பதான் விளங்குது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும். ஆவணியில பூட்டினது. ஆள் இழுத்தடிச்சு முடிக்க கார்த்திகை. மச்சாள் சட்டத்தை எடுத்துப் பார்க்கேக்க அந்தக் காலம் கடந்துபோச்சு. ஒவ்வொரு "சரி ரீச்சர்" இலயும் ஒரு கிழமையைத் தின்னவர் அந்த மனுசன். இனி மத்தியஸ்த சபைதான், அதுக்குப் போறம். 4 லட்சத்து 50 ஆயிரத்தில ஒரு சதம் எண்டாலும் விடமாட்டன்.

என்னென்ன பாக்கவேணும் எண்டு விபரமா எழுதத்தான் தொடங்கினனான். இப்ப அதுக்கு மனம் வரேல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். பூச்சுப் பூசின மரம் வந்தால் லொறியில இருந்து இறக்க விடாதேங்கோ, வெட்டுமுகத்தைப் பகல் வெளிச்சத்தில பார்த்து, நடுவில ஆணியால குத்திப் பாருங்கோ. மாதிரித்துண்டை நம்பவேண்டாம், வாற கப்பையே பாருங்கோ. பனைமரம் எண்டால் தறிக்கவும் ஏத்தவும் அனுமதிப் பத்திரம் வேணும், அதைக் கேளுங்கோ, பழைய வீட்டு மரம் எண்டால் எந்த வீடு எண்டு போய்ப் பாருங்கோ. மரத்தின்ர பேர் எழுதாத பற்றுச்சீட்டுக்குக் காசு குடுக்கவேண்டாம். வேலை பிழைச்சால் ரெலிபோனில கதைச்சுக்கொண்டிருக்காமல் உடன பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட இலக்கத்துக்கு எடுத்து, எழுத்திலயும் முறைப்பாட்டைக் குடுங்கோ. மிச்சம் பிறகு எழுதுறன்.

இதை இண்டைக்கே எழுத வேண்டி வந்ததுக்குக் காரணம் வேற. நேற்று இரவு தம்பி ஒரு படம் அனுப்பினவன். அதே தளத்தில, வேற பேரில, வேற நம்பரோட ஒரு புது விளம்பரம். "எமது அண்மைய வேலை" எண்டு போட்டிருக்கிறது எங்கட படலை, விழ முதல் எடுத்த அந்தப் போட்டோ. பானைக்குப் பக்கத்தில நிக்கிறது எங்கட அம்மா. கீழ சனம் விலை கேக்குது. ஒரு பிள்ளை முற்பணம் எவ்வளவு எண்டு கேட்டிருக்கு. எடுக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதினன், அதே வசனம்தான் திரும்பி வந்தது.

மண்ணிறக் கரை போட்ட வெள்ளைச் சீலையோட, இடக்கையில செம்பு வைச்சுக்கொண்டு ஒரு வயசான அம்மா நிக்கிற சங்கடப்படலைப் படம் உங்கட கண்ணில பட்டால், அந்த ஆளுக்கு ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ. கீழ விலை கேட்டிருக்கிற ஆக்களில ஆரையாவது தெரிஞ்சால் இண்டைக்கே எடுத்துச் சொல்லுங்கோ.