அப்பாவுக்கு கிறிஸ்துமஸ் கிஃப்ட்: லெதர் ஸ்ட்ராப் வாட்ச்சா, ஸ்மார்ட்வாட்ச்சா, ரப்பர் ஸ்ட்ராப் வாட்ச்சா?

டிசம்பர் பொறந்துட்டா எங்க ராயபுரத்துல வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிடும், கூடவே வீட்டு ஆம்பளைங்களுக்கு என்ன வாங்குறதுங்கிற பேச்சும் வந்துடும். சட்டையை விட்டுடுங்க, பண்டிகைக்குன்னு எம்.சி. ரோட்டுல எல்லாருக்கும் துணி எடுக்கத்தான் போறோம், அது கிஃப்ட் கணக்குல வராது. சென்ட்டு எங்க அப்பா அடிக்கவே மாட்டாரு. பர்ஸ் ஏற்கனவே ரெண்டு பீரோவுல கிடக்கு. அதனால வாட்ச்தான்னு முடிவு பண்ணி, மூணு வருஷத்துல மூணு விதமும் வாங்கிப் பாத்துட்டேன்.

அப்பா காசிமேட்டுல விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். காலையில கை டீசல்ல இருக்கும், கொஞ்ச நேரத்துல உப்புத்தண்ணில இருக்கும்.

2022 கிறிஸ்துமஸுக்கு லெதர் ஸ்ட்ராப் வாட்ச் எடுத்தேன். நடுராத்திரி பூசைக்கு வெள்ளைச் சட்டையோட அதைக் கட்டிக்கினு வந்தாரு பாருங்க, அவ்ளோ அழகா இருந்துச்சு. அழகுன்னு பாத்தா இன்னிக்கும் அதுக்குத்தான் என் ஓட்டு. ஆனா தோலு வேர்வையையும் உப்பையும் குடிச்சு குடிச்சு ஆறே மாசத்துல ஓட்டைக்கிட்ட வெடிச்சிடுச்சு, வாசனை வேற, எவ்ளோ துடைச்சும் போகல.

ஸ்மார்ட்வாட்ச் தம்பிக்கு வாங்கினது, 3000 ரூபாய்க்குள்ள. நான் பழகிப் பாத்தது அந்த விலைதான், அதனால பெரிய விலை வாட்ச்சுக்கும் சேத்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆபீஸ் போற பசங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, நடந்த கணக்கு, போன் வந்தா கையில தெரியறது எல்லாம் சரி. ஆனா அதுக்கும் சார்ஜ் போடணும், அந்த சார்ஜர் தொலைஞ்சா வேற சார்ஜர் சேராது, வருஷம் ஏற ஏற பேட்டரியும் இறங்கும். விடிகாலை மூணு மணிக்கு கிளம்புற மனுஷன் இதுக்கெல்லாம் எங்க உக்காந்து பாப்பாரு?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், தண்ணி. லெதர் வாட்ச்சோட பின்மூடியில 30 மீட்டர்னு போட்டிருந்துச்சு, அப்பா அதைப் பாத்துட்டு "முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போலாம் போலம்மா"ன்னு சொன்னாரு, நானும் சரின்னு நம்பிட்டேன். அது அசையாத நிலையில அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ற கணக்கு. நிஜத்துல 30னா கை கழுவுற தண்ணி, லேசான தூறல், அவ்ளோதான். நீச்சலுக்குன்னா 100 மீட்டர் இருந்தா நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம் பின்மூடிக்குள்ள இருக்கற மெல்லிசான ரப்பர் ரிங்கு, கேஸ்கெட்னு சொல்வாங்க. தண்ணியைத் தடுக்கறது அதுதான். சாதா குவார்ட்ஸ் வாட்ச்சுல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாத்தணும், கடையில இருந்து பழைய பேட்டரியோட வந்திருந்தா இன்னும் சீக்கிரமே மாத்தணும், மாத்தறப்ப மூடியைத் திறக்கணும், திறந்தா ரிங்கையும் மாத்திட்டு ஒழுங்கா உக்கார வெச்சுதான் மூடணும். எங்களுக்கு ஒரு கடையில அஞ்சு நிமிஷத்துல பேட்டரியைப் போட்டு மூடியை அமுக்கிக் குடுத்துட்டாங்க, ரிங்கைத் தொடவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழை. படகையெல்லாம் இழுத்துக் கட்டிட்டு தொப்பலா நனைஞ்சு வந்தாரு, கண்ணாடிக்குள்ள ஆவி புடிச்சிருந்துச்சு, முள்ளு நாலு இருபதுல நின்னுடுச்சு. அரிசி டப்பாவுல புதைச்சு வெச்சும் ஓடல. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அதை ஒரு துணியில சுத்தி மேரி மாதா படத்துக்குப் பின்னாடி பத்திரமா வெச்சிருந்தாரு, அதைப் பாத்தப்பதான் எனக்குத் தாங்கல.

அதனாலதான் 2024-ல கேசியோ டிஜிட்டல் எடுத்தேன், ரெசின் ஸ்ட்ராப் (பாக்க ரப்பர் மாதிரியே இருக்கற பிளாஸ்டிக்), 100 மீட்டர், பேட்டரி 10 வருஷம்னு போட்டிருக்கற மாடல். 10 வருஷம் பேட்டரி வந்தா அவ்ளோ நாள் பின்மூடியைத் திறக்கற வேலையே இல்ல, எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ரப்பர் ரிங்கு திறக்காட்டியும் வயசாகும், டீசலும் அதைக் கெடுக்கும், அதையும் மறைக்கல. சாயங்காலம் வந்ததும் நல்ல தண்ணில ஒரு தடவை அலசிடணும், தண்ணிக்குள்ள பட்டனை அமுக்கக் கூடாது, அவ்ளோதான் பராமரிப்பு. எண்ணும் பெருசு, கண்ணாடி போடாமயே மணி பாக்குறாரு.

ஸ்டீல் செயின் எப்படின்னு கேக்குறவங்களுக்கு, கண்ணிக்கு நடுவுல உப்பு உக்காரும், பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் வெச்சு தேய்க்க ஆள் இருந்தா வாங்குங்க.

பெரம்பூர்ல இருக்கற மாமனாருக்கு மட்டும் இந்த வருஷம் லெதர்தான் எடுத்திருக்கேன். ரிட்டயர்டு ஆனவரு, ஞாயித்துக்கிழமை லூர்து மாதா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் கட்டுவாரு, அவர் கைக்கு தோல்தான் எடுப்பா இருக்கும். பேட்டரி மாத்தறப்ப ரிங்கையும் சேத்து மாத்தச் சொல்லணும்னு ஒரு சீட்டு எழுதி வாரண்டி கார்டோட டப்பாவுக்குள்ளயே வெச்சுட்டேன்.