போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை: மெயிலா, போனா, நேரில் போவதா, மனுவா?

கம்பெனிக்காரரைத் திட்டுவதற்கு முன் உங்கள் போனைப் பாருங்கள். ரெஸ்யூமில் கொடுத்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்து சில நாளானால் இன்கமிங்கும் நின்றுவிடும். கம்பெனியின் மெயில் முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், மெயில் போய்ச் சேரவில்லை என்று சொல்லும் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஒரு மெயில் இன்பாக்ஸிலோ ஸ்பாமிலோ கிடக்கும். போய்ச் சேராத விண்ணப்பத்துக்கு எத்தனை வாரம் காத்திருந்தாலும் பதில் வராது.

இரண்டும் சரியாக இருந்தால்தான் அடுத்த கேள்வி. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வேலை தேடுபவர்கள் மூன்று விதமான இடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்: விடுதி, ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனி, பள்ளி போன்ற உள்ளூர் இடங்கள்; சென்னை அல்லது வளைகுடாவின் பெரிய கம்பெனி; அரசு அலுவலகம். ஓரிடத்தில் எடுபடும் வழி இன்னோர் இடத்தில் எடுபடாது.

மெயில் பெரிய கம்பெனிக்குத்தான் சரி. விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால் அது முடிந்து 7 வேலை நாள் கழித்து அனுப்புங்கள். தேதி இல்லையென்றால் விண்ணப்பித்து 10 நாள். புது மெயில் வேண்டாம். முன்பு அனுப்பிய மெயிலைத் திறந்து அதற்கே ‘ரிப்ளை’ கொடுத்தால் பழைய விண்ணப்பமும் தேதியும் அடியிலேயே இருக்கும், பார்ப்பவர் தேட வேண்டியதில்லை. நான்கு வரி போதும்: “ஸ்டோர் கீப்பர் பணிக்கு 3ஆம் தேதி விண்ணப்பித்திருந்தேன். தேர்வு எந்த நிலையில் உள்ளது என்று தெரிவிக்க முடியுமா? நேர்காணலுக்கு எந்த நாளிலும் வர முடியும். ரெஸ்யூமை மீண்டும் இணைத்துள்ளேன்.” ஃபைலின் பெயர் ‘ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2’ என்று இருந்தால், அதை டவுன்லோடு செய்தவருக்கு அது யாருடையது என்றே தெரியாது. உங்கள் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும்.

வளைகுடாவுக்கு அனுப்பும்போது கிழமையும் மணியும் முக்கியம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். சவுதியில் வாரம் ஞாயிறு தொடங்கி வியாழனோடு முடிகிறது. 2022 முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி மதியம் வரை வேலை. தனியாரிலும் பல இடங்களில் சனி, ஞாயிறு விடுமுறை. கீழக்கரையில் வியாழன் இரவு உட்கார்ந்து சவுதிக்கு அனுப்பிய மெயிலை ஞாயிறு காலை குவியலின் அடியில்தான் பார்ப்பார்கள். ஞாயிறோ திங்களோ நம் நேரம் காலை 11.30க்கு அனுப்பினால் அங்கே 9 மணி, மேசைக்கு வந்ததும் கண்ணில் படும்.

உள்ளூர் இடங்களுக்கு இந்த மெயில் வித்தை பெரும்பாலும் வீண். ஆள் எடுப்பதற்கென்று அங்கே தனியாக யாரும் இருக்க மாட்டார். கணக்குப் பார்ப்பவரோ மேனேஜரோதான் அதையும் பார்ப்பார். போன்தான் சரி. காலை 11 முதல் 12, அல்லது மாலை 3 முதல் 4. “சார், ரிசப்ஷன் வேலைக்கு அப்ளிகேஷன் கொடுத்திருந்தேன், ஆள் எடுத்துட்டீங்களா, இன்னும் பார்க்குறீங்களா?” என்று கேளுங்கள். ‘எடுத்தாச்சு’ என்றோ ‘பார்க்கிறோம்’ என்றோ அதற்கு எளிதாகப் பதில் வரும். ‘என் அப்ளிகேஷன் என்னாச்சு’ என்றால் ‘சொல்றோம்’ என்பதோடு முடிந்துவிடும். ராமேஸ்வரம் விடுதிகளுக்கு அமாவாசையன்றும் முந்தின நாளும் அழைக்காதீர்கள், அதிலும் ஆடி, தை அமாவாசை என்றால் பேச்சே இல்லை. கீழக்கரை, தொண்டிக் கடைகளுக்கு வெள்ளி ஜும்மா நேரம் ஆகாது. விசைப்படகை நம்பிய மீன் கம்பெனிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது பதில் இல்லை என்றால் அது நிராகரிப்பு அல்ல. ஜூன் முதல் வாரத்தில் மறுபடி கேட்டால் அவர்களே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வாட்ஸ்அப் என்றால், விளம்பரத்திலேயே அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும். ஒரே ஒரு செய்தி. வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம்.

நேரில் போவது போனைவிட வலு, ஆனால் செலவு. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போக வர அரை நாள் போய்விடும். அதனால் போனில் ‘இன்னும் பார்க்கிறோம்’ என்ற பதில் வந்த பிறகே பஸ் ஏறுங்கள். ரெஸ்யூம் இரண்டு பிரதி, புகைப்படம், சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும்.

தெரிந்தவர் மூலம் கேட்பது நம் ஊரில் தவறே இல்லை. ஆனால் “கொஞ்சம் சொல்லி வைங்க மாமா” என்றால் மாமாவுக்கும் அங்கே போய் என்ன கேட்பது என்று தெரியாது. பதவி, விண்ணப்பித்த தேதி, எந்த முகவரிக்கு அனுப்பியது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்றால் கதை வேறு. பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ‘ஃபைல் நகரணும்’ என்று அதற்குமேல் கேட்டால் உங்கள் விண்ணப்பம் எங்குமே போயிருக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசு வேலைக்கு மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது; தகவல் உரிமைச் சட்ட மனுதான். மாநில அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் போன்ற மத்திய அலுவலகத்துக்கு அந்த வில்லை செல்லாது. 10 ரூபாய் அஞ்சல் ஆணை வைக்க வேண்டும், அல்லது ஆன்லைனில் கட்டலாம். ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று எழுதினால் ‘இது தகவல் அல்ல’ என்று திருப்பிவிட வாய்ப்புண்டு. ‘என் மதிப்பெண், கட்-ஆஃப், தேர்வானவர் பட்டியலின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், மாநில அலுவலகத்திலும் சரி, மத்திய அலுவலகத்திலும் சரி, அதற்குக் கட்டணம் இல்லை. மனு எழுத உட்காரும்போதே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அங்கிருந்து கடிதம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.