சைட்வாலுக்குப் பசை பூசக் கொடுத்தேன், டயரே மாறி வந்தது

ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார், ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டயரை ரிம்மில் ஒட்டித் தருகிறேன், சைட்வாலுக்கும் (டயரின் பக்கச் சுவர்) பசை பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேலை முடியும்வரை அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். நான் உட்காரவில்லை. 290 வெள்ளி போனது, 70 மட்டும்தான் திரும்பி வந்தது.

நான் இருப்பது மலேசியாவில், பாடாங் செராயில். கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்துக்கு 1/10 டூரிங் கார், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தில் கார்ப்பெட் விரித்துப் பந்தயம் வைத்தார்கள். இதுவரை தார்த் தரையில் மட்டுமே ஓட்டிய எனக்கு கார்ப்பெட் புதுசு. அதில் பிடிமானம் அதிகம். வளைவில் திரும்பும்போது முன் டயர் சாய்ந்து, அதன் வெளிப்பக்கச் சுவரும் கார்ப்பெட்டைக் கவ்விவிடும். கார் அப்படியே கவிழ்ந்து கூரையில் நிற்கும். அதற்குத்தான் முன் டயர் இரண்டின் வெளிச்சுவரிலும் சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ வகை) மெல்லிசாகப் பூசுவது. காய்ந்ததும் அந்த இடம் கெட்டியாகி வழுக்கும், கவ்வாது.

பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடை. ஆள் நம்மவர்தான், பேச்சும் இனிப்பு. பசை பூசுவது கைப்பழக்கம் வேண்டிய வேலை, கெடுத்துக்கொள்ளாதீங்க தம்பி என்றார். செட் 110 வெள்ளிக்கு வாங்கிய இரண்டு செட் புது டயர், அதற்கான இன்சர்ட் (டயருக்குள் வைக்கும் மெத்தை வளையம்), ரிம் எல்லாவற்றையும் கொடுத்தேன். கூலி செட்டுக்கு 35. ரசீது கேட்கவில்லை. நம்ம ஆளிடம் போய் என்ன ரசீது என்று ஒரு கூச்சம். கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து எடுக்கப் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முன் டயருக்கு வெளிப்பக்கம் மட்டும் என்று சொல்லியிருந்தேன். அவரோ ஒவ்வொரு செட்டிலும் நான்கு டயருக்கும் இரண்டு பக்கமும் பூசியிருந்தார், அதுவும் தடியாக. சுவர் முழுக்க உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் கருப்பு மார்க்கர் வேறு.

"என்னண்ணே, பின் டயருக்கும் போட்டிருக்கீங்க?"

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு போட்டேன் தம்பி. அதுக்குத் தனியா காசு வாங்கலையே."

தேய்த்தது பசை பிடிக்க. மார்க்கர், பசை காயும்போது வெள்ளையாகப் பூத்ததை மறைக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அதில் பாதி உண்மையும்கூட. தேய்த்தால் பசை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் காயட்டும் என்று ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூக்கும். நானும் தலையாட்டிவிட்டு, இலவசமாக அதிக வேலை செய்து கொடுத்திருக்கிறாரே என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பந்தயத்தன்று முதல் ஐந்து நிமிட ஓட்டம். பின் டயரின் சுவருக்குப் பொதுவாகப் பசை பூசமாட்டார்கள், அங்கே பிடிமானம் வேண்டும். என் காரோ ஒவ்வொரு வளைவிலும் வாலை வீசியது. இரண்டாவது நிமிடத்தில் முன் டயர் ஒன்று ரிம்மை விட்டுக் கழன்று தனியாக உருண்டு போனது. புது டயரின் ஓரத்தில் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். அதை ஆல்கஹாலால் துடைக்காமல் ஒட்டினால் இப்படித்தான். ஓட்டம் முடிந்து பார்த்தால், தடியாகப் பூசிய பசை காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை. டயரை வாங்கி இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தார்.

"இது புது ரப்பர்னு எவன்டா சொன்னான்? காஞ்சு போனதுடா."

மடக்கிய இடத்தில் மயிரிழை போல வெடிப்புகள். விளக்கைப் பக்கத்தில் பிடித்தபோது, உப்புத்தாள் சரியாகப் படாத ஒரு மூலையில் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. நான் வாங்கிய கம்பெனியின் பெயரில் அந்த எழுத்துகளே கிடையாது. உள்ளே இன்சர்ட்டும் நான் கொடுத்த, அச்சில் வார்த்த இன்சர்ட் இல்லை, சாதாரண பஞ்சு. அப்போதுதான் நான்கு டயருக்கும் இரண்டு பக்கமும் ஏன் பூசினார் என்று விளங்கியது. வெளிப்பக்கம் மட்டும் பூசியிருந்தால் உள்பக்கத்தில் பெயர் தெரிந்திருக்கும். தோட்டத்தில் பிறந்துவிட்டு ரப்பரில் ஏமாந்து வந்தவன் என்று இன்றைக்கும் வீட்டில் கிண்டல்.

போன் அடித்தேன். "ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு டயரைக் குறை சொல்றீங்க தம்பி" என்றார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. நான்கு நாள் கழித்து 70 வெள்ளி மட்டும் வங்கிக் கணக்குக்கு வந்தது, கூலியாம். டயர் நீங்கள் கொடுத்ததுதான் என்று ஒரு வரி.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் மாதிரி ஓடும் பசை வேண்டாம், கொஞ்சம் கெட்டியான டயர் பசை வாங்குங்கள். சுவரை ஆல்கஹாலால் துடைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ரிம் ஓரத்திலிருந்து மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. தரையில் படும் பகுதிக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே ஏறினால் பிடிமானம் போச்சு. ஓட்டிப் பார்த்து, இன்னும் கவிழ்ந்தால் இன்னொரு பூச்சு. பஞ்சுக் குச்சியால் மட்டும் தடவாதீர்கள். பருத்தியில் பட்டால் இந்தப் பசை சூடேறிப் புகையும், கண் எரியும். நான் பிளாஸ்டிக் துண்டால் தடவுகிறேன். காற்றில் உள்ள ஈரத்தில்தான் இது இறுகும், நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் பாட்டிலை உடனே மூடிவிடுங்கள்.

கடைக்காரரே செய்யட்டும் என்றால், டயரின் பெயர் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். உள்பக்கச் சுவரைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. டயர் வாங்கிய ரசீது இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. இரண்டாவது செட்டை இன்னும் காரில் மாட்டவில்லை, சுரண்டவும் இல்லை. வாங்கி வந்த பையிலேயே கட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் முன்னால்தான் சுரண்டப்போகிறேன்.