சுற்றாடல் புத்தாக்கப் போட்டிக்குத் தோட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதில் கண்டது

மாணவர்களுக்கான சுற்றாடல் புத்தாக்கம், தொழில்முயற்சி என்று இப்போது பல பக்கமிருந்தும் போட்டிகள் வருகின்றன. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் தரம் 10 பிள்ளைகள் சிலரை அப்படி ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப் போகிறேன், அதையெல்லாம் அவர்களிடம் நேரே எழுதியும் கொடுத்திருக்கிறேன். மலையகத்தில் வேறு ஆசிரியர்களோ பெற்றோரோ போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இது. சுருக்கமாக: போகலாம், கட்டாயம் போங்கள்.

நமக்குப் பழகிய சுற்றாடல் போட்டி என்றால் ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினத்துக்குச் சித்திரம், கட்டுரை, அப்புறம் ஒரு மரம் நட்டுப் போட்டோ. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் சுற்றாடல் முன்னோடிப் பதக்கம் வாங்கியவர்கள், அதனால் பொலித்தீன் ஏன் கூடாது என்று அரை மணித்தியாலம் பேசுவார்கள். இந்தப் போட்டியின் விண்ணப்பத்தில் அதற்கு இடமே இல்லை. பிரச்சினை என்ன, உங்கள் வழி என்ன என்று இரண்டு கேள்வி, மூன்றாவதாக "இதை யார் காசு கொடுத்து வாங்குவார்?" என்று ஒரு கேள்வி. அந்த மூன்றாவது கேள்விக்காகவே நான் இந்தப் போட்டிக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். பிள்ளைகள் அதோடு மல்லுக்கட்டிய அளவுக்குப் பரீட்சை வினாத்தாள் எதோடும் மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை.

எங்கள் பிள்ளைகள் எடுத்தது நாற்றுப் பை. தோட்டத்து நேர்சரியில் தேயிலைத் தண்டை வெட்டிக் கறுப்புப் பொலித்தீன் பையில்தான் வைக்கிறார்கள். மலையில் கன்றை நடும்போது பையைக் கிழித்துப் போடுவார்கள், மழை அதைக் கானுக்குக் கொண்டு போகும், கான் ஓயாவுக்கு, ஓயா மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு. அந்தத் துண்டுகள் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்தே பார்க்கிறார்கள். 2017இல் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள், 2023இல் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் தட்டு போன்றவற்றைத் தடை செய்தார்கள், நாற்றுப் பை மட்டும் நேர்சரியில் வழக்கம்போல் வரிசையாக நிற்கிறது. தொழிற்சாலையில் ஒதுக்கித் தள்ளுகிற கழிவுத் தேயிலையைப் பிசைந்து சாடி செய்தால் சாடியோடேயே நட்டுவிடலாம் என்பது பிள்ளைகளின் யோசனை.

முதல் கட்டத்தில் தெரிவானதும் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தார்கள். இதுதான் இந்தப் போட்டியில் உருப்படியான இரண்டாவது விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசுவார், "நல்ல யோசனை" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. கழிவுத் தேயிலையை நினைத்தபடி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, அதற்கு இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும் என்று அவர்தான் சொன்னார். நல்ல தேயிலையோடு கலந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி. அப்புறம்தான் டவுனில் தேத்தண்ணிக் கடைகளில் தினமும் கொட்டுகிற சக்கையைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் சும்மாவே கொடுத்தார்கள்.

அடுத்த அடி இன்னும் பெரியது. தேயிலைத் தண்டு வேர் பிடித்துக் கன்றாகி மலைக்குப் போக ஒன்பது பத்து மாதமாவது நேர்சரியில் இருக்க வேண்டும், தினமும் தண்ணீர் தெளிப்பார்கள், உங்கள் சாடி அவ்வளவு காலம் தாங்குமா என்று கேட்டார். தாங்காது. இரண்டு மாதத்தில் ஓரம் பிய்ந்துவிடுகிறது. பிள்ளைகள் அன்றைக்குச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் சாடி சீக்கிரம் கரைவது யாருக்கு நல்லது என்று அவரே திருப்பிக் கேட்டதில் வழி திறந்தது: கோவா நாற்று நாலைந்து வாரத்தில் நடவுக்குப் போய்விடும். அப்படியென்றால் வாங்குகிறவர் தோட்டத்துத் துரை இல்லை, கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்து மரக்கறிக்காரர். வசந்தகாலத்துக்குப் பூக்கன்று விற்பவர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை போய் நேரில் கேட்டார்கள். ஒரு ஐயா சாடியைக் கையில் வாங்கி, தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எட்டு ரூபாய்க்கு மேல போனா நான் வாங்க மாட்டேன் பாப்பா, ஆனா அதுக்குள்ள குடுத்தா வாங்குவேன்" என்றார். அன்று இரவு பிள்ளைகள் கணக்குக் கொப்பியைக் கீழே வைக்கவில்லை.

செய்முறையையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சக்கையைக் காயவைத்து, மாட்டுச் சாணமும் மரவள்ளி மாக் கூழும் சேர்த்துப் பிசைந்து, வெட்டிய பிவிசி குழாய்க்குள் போட்டு நடுவில் போத்தலை வைத்து அழுத்த வேண்டும். காயவைப்பதுதான் கஷ்டம். ஜூன், ஜூலை மூட்டத்தில் வகுப்பறையில் வைத்ததெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒரு பிள்ளையின் அம்மா லயத்து வீட்டில் அடுப்புக்கு மேல், மிலாறு (விறகாக எரிக்கிற தேயிலைக் குச்சி) காயவைக்கிற பரணில் அடுக்கி வைத்தார். புகை பட்டதும் பூஞ்சணமும் இல்லை, சாடியும் இறுகியது. இறுதிச் சுற்றில் ஒரு நடுவர் சாடியை முகர்ந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அந்தப் புகை வாசத்தைப் பற்றித்தான். அந்தப் பிள்ளை அழகாக விளக்கினாள்.

இனிக் குறைகள். முதலாவது மொழி. வழிகாட்டிக் கையேடு ஆங்கிலத்தில் வந்தது, சிங்களப் பிரதி அடுத்து வந்தது, தமிழ்ப் பிரதி விண்ணப்பம் முடிகிற வாரத்தில்தான் வந்தது, அதுவும் யாரும் வாசித்துப் பார்க்காமல் அனுப்பிய தமிழ். காசு வரவுசெலவுப் பக்கத்தை வாசித்து எனக்கே விளங்கவில்லை, சிங்களப் பிரதியை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. நாடு முழுவதுக்கும் என்று நடத்துகிற போட்டியில் மூன்று பிரதியும் ஒரே நாளில் வர வேண்டும். மேடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், நல்ல மனிதர், ஆனால் பேசுகிற நேரத்திலேயே மொழிபெயர்ப்பும் அடங்க வேண்டும் என்றதால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதி நேரம்.

இரண்டாவது பயணம். இறுதிச் சுற்று கொழும்பில், காலையிலேயே பதிவு. ஹட்டனில் விடிய முன்னமே பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல வளைவெல்லாம் சாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனோம். சத்தி எடுத்த பிள்ளை வந்து இறங்கியதும் மேடை ஏற வேண்டியிருந்தது. பயணச் செலவைத் திருப்பித் தருவதாகச் சொன்னதைத் தந்தார்கள்தான், ஆனால் பிந்தி. கொழுந்து பறித்து வருகிற சம்பளத்தில் ஓடுகிற வீடுகளில் "பிறகு தருவோம்" என்பது பெரிய வார்த்தை. பஸ் காசை முன்கூட்டியே கொடுத்து, முதல் நாள் இரவு தங்க ஒரு இடமும் ஏற்பாடு செய்தால் நுவரெலியா, பதுளைப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

சம்மதப் படிவத்தைக் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாக வாசியுங்கள். எங்களுடையதில் யோசனையை நடத்துபவர்கள் எப்படியும் பயன்படுத்தலாம் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. விளம்பரத்துக்கு மட்டும் என்று எழுத்தில் மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம், மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். உங்கள் பிள்ளை செய்தது உண்மையிலேயே புதுசு என்றால் ஊரெல்லாம் காட்டும் முன் ஆக்கவுரிமம் (பேட்டன்ட்) பற்றித் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். புதுசாக இருந்தால்தான் ஆக்கவுரிமம்.

நடுவர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகளின் இங்கிலீஷைப் பார்க்காமல், எந்தச் சாடியில் எத்தனை விதை முளைத்தது என்று எழுதி வைத்த கொப்பியைத்தான் நடுவர்கள் புரட்டினார்கள். முதல் மூன்று இடத்தில் ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் புள்ளிப் பத்திரத்தைக் குறிப்புகளோடு திருப்பித் தந்தார்கள், அதை எல்லாப் போட்டியிலும் செய்ய வேண்டும். கந்தப்பளை ஐயாவுக்கு இப்போதும் சாடி போகிறது.

அனுப்புவதாக இருந்தால் தரம் 9, 10 பிள்ளைகளை அனுப்புங்கள். தரம் 11 வேண்டாம், சாதாரண தரப் பரீட்சையோடு இது ஒத்துவராது. அதிபரிடம் முன்கூட்டியே பேசி வலயக் கல்வி அலுவலகக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள், அது கைக்கு வர நாள் பிடிக்கும்.