‘கொங்கு’ எழுதத் தெரியாத பிளெண்டர் 4.2: டைட்டில் வேலைக்கு ஆகுமா?

கொங்கு நாட்டைப் பற்றிய டிவி ஆவணத் தொடருக்கு 20 விநாடி டைட்டில் அனிமேஷன் செய்ய பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தாராளமாகப் போதும், அதன் டெக்ஸ்ட் கருவியைத் தொடாத வரை. அதில் ‘கொங்கு’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் போகாது, ‘கு’ ஒரே எழுத்தாகச் சேராது. ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. குறிகளை எழுத்தோடு சேர்த்து அடுக்கும் வேலையை இந்தப் பதிப்பு செய்வதே இல்லை. ஊர் பேரே தப்பா வந்தா அப்புறம் எதுக்குங்க டைட்டில்?

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வளைகோடுகளாக்கும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, எஸ்விஜி ஃபைலாகப் பிளெண்டருக்குக் கொண்டுவருவதுதான் வழி. வந்ததும் கடுகளவில் கிடக்கும். பெரிதாக்கி, ஸ்கேலை அப்ளை செய்த பிறகே எக்ஸ்ட்ரூட் (தடிமன் தருவது), பெவல் (விளிம்பை உருட்டுவது) பக்கம் போங்கள். ‘கொ’வின் கொம்பும் ‘க’வும் துணைக்காலும் தனித்தனி வளைவாக நிற்கும், மூன்றையும் கன்ட்ரோல்-ஜே கொடுத்து இணைக்காமல் அசைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும்.

பிளெண்டர் காசுக்கு மேல் வேலை செய்யும் இடம் (காசே இல்லை என்பது வேறு) கோடு வளர்வதில். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் கீறியிருக்கும் தமிழ்-பிராமி எழுத்துகளைத் திரையில் ஒவ்வொரு கீறலாக வரவைக்க, வளைவின் பெவலில் ‘எண்ட்’ மதிப்பை 0-இலிருந்து 1-க்கு நகர்த்தினால் போதும். ஆனால் ஃபான்ட்டிலிருந்து எடுத்த வடிவம் இதற்கு ஆகாது. எழுத்தின் வெளி விளிம்புதான் ஊர்ந்து வரும். நடுக்கோட்டை நீங்களே வரைய வேண்டும். பிராமி ‘க’ ஒரு கூட்டல் குறி. இரண்டு கோடுகளையும் ஒரே ஆப்ஜெக்டில் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வளரும், கையால் கீறிய உணர்வு போய்விடும். ஆளுக்கொரு ஆப்ஜெக்டாக்கி, இரண்டாவதை ஆறேழு ஃபிரேம் தள்ளித் தொடங்குங்கள்.

தொடக்க அமைப்புகள் இரண்டை முதலிலேயே மாற்றிவிடுங்கள். ஃபிரேம் ரேட் 24 என்று இருக்கும். நம் டிவிக்கு 25. மாற்றாமல் 480 ஃபிரேம் செய்து 25-இல் ஓட்டினால் 19.2 விநாடியில் முடிந்து, டைட்டில் இசையின் கடைசித் தவில் அடிக்கு முன்பே பெயர் வந்து நின்றுவிடும். நிறங்களைத் திரைக்கு மாற்றிக் காட்டும் ‘வியூ டிரான்ஸ்ஃபார்ம்’ அமைப்பு ‘ஏஜிஎக்ஸ்’ என்று இருந்தால் ஈரோட்டு மஞ்சள் வெளிறிப்போகும், ‘ஸ்டாண்டர்ட்’ வையுங்கள்.

சென்னிமலைப் போர்வையின் நெருக்கமான கட்டங்களைப் பின்னணியாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இன்டர்லேஸ் ஒளிபரப்பில் (ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளை மாறி மாறிக் காட்டும் முறை) ஒரு பிக்சல் கிடைக்கோடு துடிக்கும். குறைந்தது 3 பிக்சல் தடிமன், இல்லையென்றால் லேசான பிளர்.

நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யவே வேண்டாம். மாதாந்திர பவர் ஷட் டவுன் நாளில் நடுவில் நின்றால் முழு ஃபைலும் போகும். 16 பிட் பிஎன்ஜி படங்களாக எடுத்து, இருக்கும் படங்களின் மேலேயே எழுதும் ‘ஓவர்ரைட்’ டிக்கை நீக்கியிருந்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் அறுந்த கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள்.

எடிட்டர் பின்னணி இல்லாமல் கேட்டால் ‘ஃபிலிம்’ பகுதியில் ‘டிரான்ஸ்பேரன்ட்’ டிக் செய்து, எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றுக் கருவியில் புரோரெஸ் 4444 வீடியோவாக்கித் தரலாம். புரோரெஸ் 422 எச்கியூவில் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவைச் சொல்லும் தகவல்) நிற்காது. பிளெண்டரின் பிஎன்ஜி ‘ஸ்ட்ரெய்ட்’ ஆல்ஃபா, அதாவது நிறத்தோடு ஆல்ஃபாவைப் பெருக்காமல் தனியாக வைப்பது. எடிட்டரிடம் இதைச் சொல்லாவிட்டால் எழுத்தோரம் பல் பல்லாகத் தெரியும்.

பேட்டி கொடுப்பவர் பெயர்ப் பட்டை மட்டும் வாரம் முப்பது போட வேண்டியவர்களுக்கு இது வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் இங்க்ஸ்கேப்புக்குப் போய் வருவது கட்டுபடியாகாது.