ஃபைபரா, மாடி டப்பாவா, சொந்த லைசென்ஸா: களியக்காவிளைக் கணக்கு

கேபிள் டிவியை மட்டும் நம்பி இனி குடும்பம் நடத்த முடியாது என்பது எங்கள் பக்கத்துக் கேபிள்காரர்களுக்குப் புரிந்து வெகுநாளாகிறது. அடுத்தது பிராட்பேண்ட்தான். எந்த வழியில் இறங்குவது என்பதில்தான் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை சாயாக்கடைதோறும் வாக்குவாதம். சொந்தமாக ஐஎஸ்பி லைசென்ஸ், அதாவது இணையச் சேவை நடத்தும் உரிமம், எடுக்கலாம். பெரிய நிறுவனத்துக்கு ஃபைபர் பார்ட்னர் ஆகலாம். மாடியில் டப்பா மாட்டும் 5ஜி இணைப்புக்கு ஏஜெண்ட் ஆகலாம்.

சொந்த லைசென்ஸ் கௌரவம்தான். ஆனால் 'சி' பிரிவு லைசென்ஸ் ஒரு எஸ்எஸ்ஏ, அதாவது தொலைபேசிக்காகப் பிரித்து வைத்த ஒரு வட்டாரம், அதன் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். நமக்கு அது நாகர்கோவில். 'பி' எடுத்தாலும் தமிழ்நாட்டோடு சரி. எல்லையோர இஞ்சிவிளை வீட்டுக்காரரின் தங்கை பாறசாலையிலிருந்து இணைப்பு கேட்டால் கொடுக்க முடியாது, அது கேரள சர்க்கிள். அங்கேயோ 2023 ஜூன் 5-ல் தொடங்கிய கேஃபோன் என்ற கேரள அரசின் இணையச் சேவை, மின்வாரியக் கம்பங்கள் வழியே ஃபைபர் இழுத்து, 20 எம்பிபிஎஸ் மாதம் 299 ரூபாய் என்று இறங்கியது. எல்லையில் இருப்பவர்கள் நம்மிடம் பேரம் பேசுவது அந்த விலையை வைத்துத்தான். பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இணையம் வாங்கும் பேண்ட்விட்த் வாடகையோ, 50 இணைப்பு இருந்தாலும் மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும். 500 இணைப்பு சேராமல் இதில் கை வைக்க மாட்டேன்.

மாடி டப்பாவில் நம் முதல் எதுவும் இல்லை, கமிஷன்தான். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ல் வந்தபோது ஆரம்பத் திட்டம் 30 எம்பிபிஎஸ், ஜிஎஸ்டி நீங்கலாக 599 ரூபாய். ஊருக்கு ஊர் கம்பம் நட வேண்டாம் என்பதால் பலருக்கு நாக்கு ஊறியது. ஆனால் எங்கள் ஊரில் ரப்பர் என்று ஒன்று இருக்கிறதே! நண்பர் ஒருவர், எந்த நிறுவனத்துக்கு என்று சொல்லவில்லை, பிப்ரவரியில் அருமனைப் பக்கம் ஒரு வீட்டில் டப்பா மாட்டினார். இலை உதிர்ந்த சமயம், டவர் பளிச்சென்று தெரிந்தது, வேகமும் அப்படியே. ஜூனில் தளிர் முற்றி, மழையில் நனைந்த இலை நடுவே நின்றதும் சிக்னல் படுத்துவிட்டது. "அண்ணா, அன்னைக்கு நல்லா ஓடுச்சே" என்று தினம் போன். நகர மொட்டை மாடிக்கு அது சரி, தோட்டத்துக்கு இல்லை.

பார்ட்னர் வழியில் பேண்ட்விட்த் அவர்களுடையது, ஃபைபர், அதற்கு சிக்னல் அனுப்பும் ஓஎல்டி பெட்டி, ஆள் எல்லாம் நம்முடையது, வசூலில் பங்கு. நான் எடுத்தது இதைத்தான். ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் 2.5 ஜிபிபிஎஸ், அதை 64 வீடுவரை பிரிக்கலாம், 20 கிலோமீட்டர்வரை போகும். காகிதத்தில் அருமை. தெருவில் வீடுகள் ஒட்டி நிற்கும் ஊருக்கு எழுதிய காகிதம் அது. இங்கே ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கிறது. மார்த்தாண்டம் பஜாரில் ஃபைபரை வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் பெட்டியைச் சுற்றி நூறு மீட்டரில் எட்டு பேர் கிடைப்பார்கள். மேல்புறம் தாண்டி அதே எட்டு பேருக்கு ஒரு கிலோமீட்டர் இழுக்க வேண்டும், நடுவில் பலா ஒன்று கிளையை முறித்துப் போடும்.

அதனால் இணைப்பை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு பெட்டிக்கு எத்தனை வீடு என்று பார்க்கிறேன். மோடம், கேபிள், கூலி சேர்த்து ஓர் இணைப்புக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள். பங்கு போக மாதம் 200 ரூபாய் கையில் நின்றால் முதல் திரும்ப 15 மாதம். நான்கு வீடு சேராத பெட்டி எனக்கு வேண்டாம்.

கல்ஃபிலிருந்து லீவுக்கு வருபவர்கள்தான் இந்தக் கணக்கை உடைப்பார்கள். இரண்டு மாதம் நெட், அப்புறம் வீடு பூட்டு. அவர்களிடம் கூலியும் மோடத்துக்கு டெபாசிட்டும் முதல்நாளே வாங்கிவிடுகிறேன். முகம் சுளிப்பார்கள். விமானம் ஏறும் முந்தின நாள் மோடத்தை அவர்களே கழற்றி, கடைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.